சாய்ந்த கடைவாய்ப் பல்லை 43 வயதில் நிமிர்த்தலாமா?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை):
கீழ்த்தாடையில் முதலாவது கடைவாய்ப் பல்லைப் 10 வருடத்துக்கு முன் பிடுங்கினேன். பின்னாலிருந்த பல் அந்த இடைவெளிக்குள் சரிந்து படுத்துவிட்டது. பாரை மீன் சாப்பிட்டால் நார் அதன் முன்பக்கம் போய் அடைகிறது. நாக்கு நுனியால் எவ்வளவு துழாவினாலும் வராது. முரசும் (பல் ஈறு) வீங்குகிறது. பிறிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து இடைவெளியை நிரப்பும் செயற்கைப் பல்) கட்டுவதற்கு முதல் பல்லை நிமிர்த்த வேண்டும் என்கிறார் வைத்தியர். இந்த வயதில் சரிவருமா?

பதில்:
சரிவரும் அக்கா. எனக்கு 47 வயதில் செய்தார்கள். சாய்ந்த பல்லில் சின்னக் குழாய் ஒட்டி, அதிலிருந்து சுருள் கம்பி ஒன்றை முன்பக்கப் பற்களில் பொருத்திய கம்பியில் கொழுவினார்கள். அந்த விசையில் பல் மெல்ல மெல்லப் பின்பக்கம் நிமிர்ந்தது. 7 மாதம் பிடித்தது. நிமிரும்போது பல் கொஞ்சம் மேலெழும்பும், கடித்தால் அதுதான் முதலில் முட்டும். அதனால் மேற்பரப்பை அவ்வப்போது துளியளவு ராவினார்கள். பயப்படாதீங்கோ.

இன்னொரு பதில்:
பின்னால் ஞானப்பல் இருக்கிறதா? பல் நிமிர அது இடைஞ்சலாகலாம். என் கணவருக்கு அதை முதலில் பிடுங்கினார்கள். முரசு வீக்கத்தையும் முதலில் ஆற்றுங்கோ. வீக்கத்தோடு பல்லை நகர்த்தினால் எலும்பு கரையும்.

கேட்டவர்:
ஞானப்பல் இருக்கிறது. வியாழன் எக்ஸ்ரே எடுக்கிறேன். முரசைத்தான் முதலில் பார்க்கச் சொல்லப்போகிறேன்.