4 த்ரெட் போட்டா செஸ் இன்ஜின் இல்லீகல் மூவ் ஆடுது, அவசரமுங்க

நொய்யல்64:
வணக்கமுங்க. என்ற இன்ஜின் (செஸ் ஆடற புரோகிராம்) ஒரு த்ரெட்ல (புரோகிராமுக்குள்ள தனியா ஓடற ஒரு வேலை) சுத்தமா ஆடுது. 4 த்ரெட் போட்டா என்.பி.எஸ். (செகண்டுக்குப் பார்க்கற நோடு, அதாவது பொசிஷன்) மூணு மடங்கு ஏறுது, டெப்த் (எத்தனை மூவ் முன்னால பார்க்குதுங்கறது) ஏறவே மாட்டேங்குது. சில ஆட்டத்துல இல்லீகல் மூவ் ஆடித் தோத்துருது. சனிக்கிழமைக்குள்ள சரியாகோணும். என்ன பண்றதுங்?

ஏழாம்வரிசை_யானை:
எந்த மொழி? த்ரெட்டெல்லாம் தனித்தனியாத் தேடற லேசி எஸ்.எம்.பி.யா, வேலையப் பங்கு போடற ஒய்.பி.டபிள்யூ.சி.யா? ஹாஷ் (பார்த்த பொசிஷனோட முடிவை வைக்கற டேபிள்) என்ட்ரி எத்தனை பைட்? கில்லர், ஹிஸ்டரி (தேடறப்ப முன்ன நல்லா வேலை செஞ்ச மூவுகளோட குறிப்பு) எங்க இருக்குது? ப்ராசஸர்ல நெசமாவே 4 கோரா?

பல்லடத்தான்:
லேப்டாப்புங்களா? நாலு கோரும் ஒட்டுக்கா ஓடுனா சூடேறி கிளாக் இறங்கிரும். ஃபேனைத் தொடைங்க.

ஏழாம்வரிசை_யானை:
சூட்டுக்கு வேகந்தானுங்க குறையும். இல்லீகல் மூவ் எப்படி வரும்?

சித்தோடு_செக்மேட்:
மேல ஒட்டி வச்சிருக்கற பதிவை ஒருத்தரும் படிக்கறதில்ல. தம்பி, த்ரெட்னா என்னன்னு படிச்சுட்டு அப்புறமேட்டு எழுதுங்க. ஹாஷ் கிழியுது, அவ்வளவுதான். 8 பைட் கீ (பொசிஷனோட அடையாள எண்), 8 பைட் டேட்டா (மூவ் இதுலதான்), தனித்தனியா எழுதறீங்க. நடுவுல இன்னொரு த்ரெட் புகுந்தா கீ ஒரு பொசிஷனோடது, மூவ் வேறொன்னோடது. எழுதறப்ப கீயை டேட்டாவோட எக்ஸார் (பிட்டுக்குப் பிட்டு கலக்கற கணக்கு, மறுக்காப் பண்ணுனா பழசு திரும்ப வரும்) பண்ணி வைங்க. படிக்கறப்ப மறுக்கா எக்ஸார் பண்ணிக் கீ ஒத்து வந்தா மட்டும் நம்புங்க. லாக் (ஒரு த்ரெட் தொடறப்ப மத்ததை நிறுத்தற பூட்டு) வேண்டாம். செஸ் புரோகிராமர்கள் ஹயாட்டும் டிம் மன்னும் 2002-லயே எழுதிட்டாங்க.

நொய்யல்64:
சி++, லேசி, 4 கோர், 16 பைட். கில்லரெல்லாம் எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான ஸ்டாடிக் அரேங்கண்ணா. அதுல என்ன?

ஏழாம்வரிசை_யானை:
அதுலதானுங்க எல்லாமே. நாலு தறிக்கும் ஒரே நாடாவா? கில்லர் மூவ் இந்தப் பொசிஷன்ல செல்லுமான்னு நீங்க சோதிச்சு முடிச்சதும், அதை ஆடறதுக்குள்ள வேற த்ரெட் அந்த இடத்துல இன்னொன்ன எழுதிருது. போர்டு, அன்டூ ஸ்டாக் (ஆடுன மூவைத் திரும்ப எடுக்கற குறிப்பு), கில்லர், ஹிஸ்டரி, பி.வி. டேபிள் (கண்ட சிறந்த மூவ் வரிசை) எல்லாத்தையும் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள்ள போட்டு த்ரெட்டுக்கு ஒன்னு குடுங்க. ஹாஷ் மட்டும் பொது. அதுலயும் டேட்டாவ ஒருக்கா லோக்கல் வேரியபிளுக்கு எடுத்து, அதையே சோதிச்சு, அதையே ஆடுங்க. சோதிச்சப்புறம் டேபிளை மறுக்காத் தொட்டா எக்ஸார் வீண்.

நோடு கவுண்டரும் தனித்தனி, 64 பைட் தள்ளித் தள்ளி. ஒரே கேஷ் லைன்ல (கோர் ஒட்டுக்கா எடுக்கற மெமரித் துண்டு) இருந்தா கோருக்குக் கோர் இழுபறிதான். கடியாரத்த முதல் த்ரெட் மட்டும் பார்க்கட்டும். ஸ்டாப் ஃபிளாக் (தேடறத நிறுத்தச் சொல்ற குறி) சி++ல அட்டாமிக்னு இருக்கோணும், வோலட்டைல் பத்தாது. ஹெல்பர்ல (முதல் த்ரெட் போக மத்ததுல) பாதியை ஒரு டெப்த் தள்ளி ஆரம்பிங்க, இல்லீனா நாலும் ஒரே வேலையச் செய்யும். மாத்துனப்புறம் ஒரே த்ரெட்ல, டெப்த் 12-ல நோடு எண்ணிக்கை பழசோட கடைசி இலக்கம் வரைக்கும் ஒத்துவரோணும்.

பல்லடத்தான்:
லேசி சோம்பேறி வேலைங்க. முதல் மூவை முடிச்சுட்டு மத்ததப் பங்கு போடற ஒய்.பி.டபிள்யூ.சி.தான் முறை.

சித்தோடு_செக்மேட்:
ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் அதையே தூக்கிப் போட்டுட்டு 2016 ஜனவரியில 7-ம் பதிப்புல லேசிக்கு வந்துருச்சு. நீங்க அதுக்கும் மேலீங்களா?

பல்லடத்தான்:
அவங்க பார்த்தது நெறைய கோர் வச்ச மெஷின். நாலு கோர்ல, ஒரு டெப்த்துக்கு ஆகற நேரத்த அளந்து பாருங்க.

ஏழாம்வரிசை_யானை:
லேசியை டெப்த் வச்சு மட்டும் அளக்காதீங்க, அதே டெப்த்துல தேடற மரம் அகலமா விரியும். இன்ஜின்களை மோத விடற கட்செஸ் புரோகிராம்ல 1 த்ரெட்டுக்கும் 4 த்ரெட்டுக்கும் ஒரே நேரம் குடுத்து மோத விடுங்க. பாண்டர் (எதிராளி நேரத்துல யோசிக்கறது) அணைச்சு, ஒரு சமயத்துல ஒரே ஆட்டம். ரெண்டு விட்டா 4 கோர் பத்தாது.

நொய்யல்64:
கில்லர் பிரிச்சாச்சு, எக்ஸார் போட்டாச்சு. இல்லீகல் நின்னுருச்சுங்க. நன்றி.

ஏழாம்வரிசை_யானை:
நோடு எண்ணிக்கை ஒத்துச்சா? டெப்த் என்னாச்சு?

பல்லடத்தான்:
ஆளு போயாச்சுங்க. அது கெடக்கட்டும், ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் ரெண்டாத் தெரியற வசதி) இருந்தா 4 கோருக்கு 8 த்ரெட் போடலாமா கூடாதா?