அடாவில் பாராமீட்டர் காப்பியாகப் போகுமா, ரெஃபரன்ஸாகப் போகுமா? கம்பைலர் எதை வைத்து முடிவெடுக்கிறது?

வைகைக்கரை மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக வைகை அணை நீர்மட்டத்தைக் கவனித்து வெள்ள எச்சரிக்கை கொடுக்கிற ஒரு புரோகிராமை அடா மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன் (அணை 71 அடி, 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது, அந்தக் கணக்குதான்). கம்பைலர் ஜிநாட், 64 பிட் லினக்ஸ்.

'அணை நிலை' என்று ஒரு ரெக்கார்டு (பல ஃபீல்டுகளை ஒன்றாக வைக்கும் டைப்). ஆரம்பத்தில் அதில் நீர்மட்டம் என்ற ஒரே ஃபீல்டுதான். ஒரு புரொசீஜர் இரண்டு பாராமீட்டர் வாங்குகிறது: 'பழையது' இன் மோடு (படிக்க மட்டும்), 'புதியது' இன் அவுட் மோடு (படிக்கவும் எழுதவும்). உள்ளே புதியதில் நீர்மட்டத்தை மாற்றிவிட்டு, அப்புறம் பழையதோடு கழித்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறேன். கூப்பிடும்போது இரண்டு இடத்திலும் ஒரே வேரியபிளைக் கொடுக்கிறேன், ஏனென்றால் இன் மோடு என்றால் உள்ளே மாறாது என்றுதான் வகுப்பில் படித்தது. வித்தியாசமும் சரியாக வந்தது. பிறகு அதே ரெக்கார்டில் நீர்வரத்து, வெளியேற்றம், 30 நாள் அளவுகளுக்கு ஒரு அரே எல்லாம் சேர்த்தேன். புரொசீஜரில் ஒரு வரிகூட மாற்றவில்லை. இப்போது வித்தியாசம் எப்போதும் பூஜ்யம்!

இன் மோடு பாராமீட்டர் நடுவில் எப்படி மாறும்? காப்பியா (மதிப்பின் நகல்) ரெஃபரன்ஸா (அசல் இருக்கும் இடத்தின் முகவரி) என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், மொழியா கம்பைலரா?

செல்லூர் கோடர்:

நல்ல கேள்வி தம்பி. கம்பைலரில் பிழை எதுவும் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். இன், அவுட், இன் அவுட் என்பதெல்லாம் தகவல் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும்தான் சொல்கின்றன. இன் என்றால் அந்தப் பெயரை வைத்து நீங்கள் எழுத முடியாது, அவ்வளவுதான். வேறு பெயர் வழியாக அதே இடத்தில் எழுதினால் அதைத் தடுக்கும் என்று மொழி எங்கேயும் வாக்கு கொடுக்கவில்லை. எப்படி அனுப்புவது என்பதை முடிவு செய்வது மோடு இல்லை, டைப். அடா மொழியின் ரெஃபரன்ஸ் மேனுவலில் 6.2 என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள், சின்னப் பகுதிதான், ஆனால் ஒவ்வொரு வரியும் முக்கியம்.

எண், எழுத்து, எனுமரேஷன் மாதிரி ஸ்கேலர் டைப்களும் (ஒரே மதிப்பு உள்ளவை) ஆக்சஸ் டைப்களும் (பாயின்டர்கள்) கட்டாயம் காப்பி. இன் அவுட் என்றால் உள்ளே போகும்போது ஒரு காப்பி, முடிந்து திரும்பும்போது இன்னொரு காப்பி. கம்பைலருக்கு இதில் விருப்பம் என்பதே கிடையாது. எதிர்ப்பக்கம் டேக்டு டைப் (அதிலிருந்து பிள்ளை டைப்களை உருவாக்கலாம்), டாஸ்க் (தனியாக இணையாக ஓடுவது), புரொடெக்டெட் (டாஸ்க்குகள் பகிரும் டேட்டாவைக் காப்பது), லிமிடெட் (அசைன் பண்ண முடியாதது) என்று வெளிப்படையாக எழுதிய ரெக்கார்டு, இவற்றில் ஒன்றை உள்ளே வைத்திருக்கும் அரே அல்லது ரெக்கார்டு, எல்லாம் கட்டாயம் ரெஃபரன்ஸ். இதற்குக் காரணம் இருக்கிறது. டாஸ்க்கைக் காப்பி எடுப்பது என்பதற்கே அர்த்தமில்லை. டேக்டு டைப்பில், தாய் டைப்புக்கு எழுதிய புரொசீஜருக்குள் வரும் ஆப்ஜெக்ட் உண்மையில் கூடுதல் ஃபீல்டுகள் உள்ள பிள்ளை டைப்பாக இருக்கலாம், தாய் டைப் அளவுக்கு மட்டும் காப்பி எடுத்தால் மீதி வெட்டுப்பட்டுப் போகும், உள்ளிருந்து மறுபடி டிஸ்பாட்ச் பண்ண (ஆப்ஜெக்டின் உண்மையான டைப்புக்குரிய புரொசீஜரைக் கூப்பிட) முடியாது.

மீதி இருப்பதுதான் உங்கள் பிரச்சினை. சாதாரண ரெக்கார்டு, சாதாரண அரே. இவற்றுக்கு மொழி எதுவும் சொல்லவில்லை, கம்பைலர் தன் வசதிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஃபீல்டு ரெக்கார்டு ப்ராசஸருக்குள் இருக்கும் ஒரு ரெஜிஸ்டரில் அடங்கிவிடும் என்பதால் ஜிநாட் காப்பி பண்ணியது. பெரிதானதும் அத்தனை பைட்டையும் ஏன் நகர்த்த வேண்டும் என்று முகவரியை மட்டும் அனுப்புகிறது. அப்போது பழையதும் புதியதும் ஒரே இடம், கழித்தால் பூஜ்யம்தான் வரும்.

இப்படி ஒரு பாதை வழியாக எழுதி இன்னொரு பாதை வழியாகப் படிப்பதற்கு மேனுவலில் பெயரே உண்டு, பவுண்டட் எரர். விளைவு மூன்றில் ஒன்று: புது மதிப்பு கிடைக்கலாம், பழைய மதிப்பு கிடைக்கலாம், புரோகிராம் எரர் என்ற எக்செப்ஷன் எழலாம். அடா 83-ல் எந்த முறை வருகிறது என்பதை நம்பி எழுதிய புரோகிராமே எரோனியஸ் என்று இருந்தது, அதாவது என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அடா 95-ல்தான் அதை இந்த மூன்றுக்குள் அடைத்தார்கள். அந்தத் திருத்தம் பெரிய உபகாரம் என்பது என் கருத்து.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஜிநாட் என்று சின்ன எழுத்தில் போட்டு, பெரிய ஆர், சின்ன எம் சேர்த்த சுவிட்சோடு கம்பைல் பண்ணுங்கள். ஒவ்வொரு சப்புரோகிராமுக்கும் (புரொசீஜர், ஃபங்ஷன்) ஒவ்வொரு பாராமீட்டரும் காப்பியா ரெஃபரன்ஸா என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். அதே மாதிரி ஜிநாட் என்பதோடு சின்ன டபிள்யூ, ஒரு புள்ளி, சின்ன ஐ சேர்த்தால் இப்படி ஒரே வேரியபிளை இரண்டு இடத்தில் கொடுப்பதற்கு எச்சரிக்கை தரும்.

தெப்பக்குளம் பழைய வாத்தியார்:

மேலே சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன், நான் ஃபோர்ட்ரானில் வளர்ந்தவன். அங்கேயும் முகவரி அனுப்பு, காப்பி எடு என்று ஸ்டாண்டர்டு கட்டாயப்படுத்துவதில்லை. பெரும்பாலான கம்பைலர்கள் முகவரியைத்தான் அனுப்புகின்றன, ஆனால் மெமரியில் தொடர்ச்சியாக இல்லாத ஒரு அரே துண்டைக் கொடுத்தால் தற்காலிகமாக ஒரு இடத்தில் காப்பி எடுத்து, அதை அனுப்பி, திரும்பியதும் மறுபடி காப்பி பண்ணி வைக்கும். இரண்டு பெயரில் ஒரே இடத்தைக் கொடுத்து ஒன்றில் எழுதக் கூடாது என்று அங்கே விதியாகவே போட்டிருக்கிறார்கள், அந்த விதியை நம்பித்தான் அதன் ஆப்டிமைசர் அவ்வளவு துணிச்சலாக வேலை செய்கிறது. காப்பிதான் வேண்டும் என்று கேட்க வேல்யூ என்ற குறிப்பு 2003 ஸ்டாண்டர்டில் வந்தது.

சி படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இது புரியத் தாமதமாகும். அங்கே எல்லாமே காப்பி, ரெஃபரன்ஸ் வேண்டுமானால் பாயின்டரை நீங்களே எழுத வேண்டும். அடாவில் அந்த வேலையை டைப்பைப் பார்த்துக் கம்பைலர் செய்கிறது. அதை அதனிடமே விட்டுவிட வேண்டும், ஆனால் அது எதைத் தேர்ந்தெடுத்தாலும் விடை மாறாதபடி நாம் எழுத வேண்டும்.

மாட்டுத்தாவணி எம்பெடெட்:

இரண்டு பேரும் மொழி மட்டத்தில் பேசிவிட்டார்கள், கீழே ஏபிஐ என்று (மெஷின் கோடில் பாராமீட்டர் எங்கே போக வேண்டும் என்ற ஒப்பந்தம்) இன்னொரு மட்டம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். சி பக்கம் 64 பிட் இன்டெல் லினக்ஸில் முதல் ஆறு முழு எண் அல்லது பாயின்டர் பாராமீட்டர்கள் ரெஜிஸ்டரில் போகும், சாதாரண ஸ்ட்ரக்ட் (சி-யின் ரெக்கார்டு) 16 பைட்டைத் தாண்டினால் மெமரியில் உள்ள ஸ்டாக்குக்குப் போய்விடும். 64 பிட் ஆர்ம் என்றால் எட்டு ரெஜிஸ்டர், 16 பைட்டைத் தாண்டிய சாதாரண ஸ்ட்ரக்டை அழைப்பவரே காப்பி எடுத்து அதன் முகவரியை அனுப்புவார். விண்டோஸ் 64 பிட்டில் நான்கே ரெஜிஸ்டர், 1, 2, 4, 8 பைட் ஸ்ட்ரக்டுகள் மட்டும் ரெஜிஸ்டரில். ஆக மொழியில் 'காப்பி' என்று இருந்தாலும் மெஷின் கோடில் முகவரி போவதைப் பார்க்கலாம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அந்த முகவரி காப்பியின் முகவரி.

தலைகீழாகவும் நடக்கும். வெளியே தெரியாத உள் சப்புரோகிராமாக இருந்தால் ஜிசிசி (ஜிநாட்டின் அடியில் இருக்கும் கம்பைலர்) ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் அளவில் ரெஃபரன்ஸாகப் போக வேண்டியதை மதிப்பாகவே மாற்றி அனுப்பலாம், விடை மாறாது என்று அதனால் நிரூபிக்க முடிந்தால் மட்டும். அப்புறம் நீளம் சொல்லாத அரே டைப் என்றால் ஜிநாட் டேட்டாவுக்கு ஒரு பாயின்டர், எல்லைகளுக்கு ஒரு பாயின்டர் என்று ஜோடியாக அனுப்பும்.

நாளைக்கு சென்சார் லைப்ரரியை சி-யில் எழுதி இணைப்பீர்கள், அப்போது கவனம். கன்வென்ஷன் சி (சி மொழியின் அழைப்பு முறை) என்று போட்டால் அடா ரெக்கார்டு எந்த மோடாக இருந்தாலும் பாயின்டராகத்தான் போகும். சி பக்கம் ஸ்ட்ரக்டை மதிப்பாக எதிர்பார்த்தால் அந்த டைப்புக்கு சி பாஸ் பை காப்பி என்ற கன்வென்ஷன் கொடுக்க வேண்டும். இங்கே கம்பைலர் எதையும் யூகிக்காது.

வைகைக்கரை மாணவன்:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி சார். சுவிட்ச் போட்டுப் பார்த்தேன், ஒரே ஃபீல்டு இருந்த ரெக்கார்டுக்குக் காப்பி, பெரிதாக்கிய ரெக்கார்டுக்கு ரெஃபரன்ஸ் என்று தெளிவாகக் காட்டுகிறது. அப்படியானால் ரெக்கார்டை டேக்டு ஆக்கிவிட்டால் எல்லா கம்பைலரிலும் ஒரே மாதிரி நடக்குமா? பாராமீட்டருக்கு அலியஸ்டு என்று எழுதலாம் என்றும் ஒரு இடத்தில் படித்தேன்.

செல்லூர் கோடர்:

நடக்கும் தம்பி, ஆனால் இரண்டும் ரெஃபரன்ஸைத்தான் உறுதி செய்யும் (அலியஸ்டு பாராமீட்டர் அடா 2012-ல் வந்தது). உங்களுக்குத் தேவை பழைய மதிப்பு. அதனால் இரண்டு பாராமீட்டரே வேண்டாம். ஒரே இன் அவுட் பாராமீட்டர் வையுங்கள், புரொசீஜரின் டிக்ளரேஷன் பகுதியில் அதன் நீர்மட்டத்தை ஒரு கான்ஸ்டன்டில் எடுத்துக்கொண்டு, பிறகு மாற்றுங்கள். எந்த முறையில் போனாலும் விடை ஒன்றுதான். ஸ்பார்க்கில் (புரோகிராம் சரியென்று நிரூபிப்பதற்காக அடாவைச் சுருக்கிய மொழி) எழுதியிருந்தால் உங்கள் பழைய அழைப்பை நிரூபிக்கும் கட்டத்திலேயே நிறுத்தியிருக்கும், அங்கே விடையைப் பாதிக்கும் அலியஸிங்குக்கு (ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்) அனுமதி கிடையாது.

இன்னொன்றும் பாருங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நீர்மட்டத்துக்கு 0 முதல் 71 வரை என்று ரேஞ்ச் வைத்திருப்பீர்கள். சென்சார் 80 என்று அனுப்பினால் நடுவில் கன்ஸ்ட்ரெய்ன்ட் எரர் எழும். ஸ்கேலர் இன் அவுட் பாராமீட்டர் என்றால் திரும்பி வரும் காப்பி நடக்காது, அழைத்தவரிடம் பழைய மதிப்பு பத்திரமாக இருக்கும். ரெக்கார்டு ரெஃபரன்ஸாகப் போயிருந்தால் அதற்குள் நீங்கள் மாற்றிய நீர்வரத்து மாறியபடியே நிற்கும், நீர்மட்டம் மட்டும் பழையதாக இருக்கும். அதனால் எல்லாவற்றையும் உள்ளே ஒரு லோக்கல் ரெக்கார்டில் கணக்குப் போட்டுச் சரிபார்த்துவிட்டு, கடைசி வரியில் ஒரே அசைன்மென்டாகப் பாராமீட்டருக்குக் கொடுங்கள்.