மூணு வருஷமா மகனுக்குத் தட்டு எடுத்து வைக்கிறாங்க. கருமாதி செய்யச் சொல்லலாமா?

உசிலம்பட்டிக்காரன்:
எங்க தெருவுல ஒரு அம்மா. வேலைக்குன்னு திருப்பூர் போன மகன்கிட்ட இருந்து மூணு வருஷமா தகவலே இல்ல. தெனம் ராத்திரி அவனுக்குன்னு சோறு போட்டு மூடி வைக்கிறாங்க. வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாங்க. சொந்தக்காரங்க, "கருமாதியப் பண்ணிருவோம், மனசு ஆறிரும்"ங்கிறாங்க. இது மனநோயா? என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
கருமாதிப் பேச்சே வேண்டாம் தம்பி. "எம் புள்ளைய நீங்களே கொன்னுட்டீங்க"ன்னுதான் அந்தம்மாவுக்குப் படும், அப்புறம் யார் சொல்லும் ஏறாது. எழவு வீட்டுல உடம்பப் பாக்குறோம், நீர்மாலை எடுக்குறோம், ஊரே கேதம் கேக்க வருது. பதினாறு முடியறதுக்குள்ள மனசு கொஞ்சங்கொஞ்சமா நம்ப ஆரம்பிக்கும். இங்க அதுல ஒண்ணுகூட நடக்கல. வர்றவங்களும் "எதுவும் தெரிஞ்சுச்சா?"ன்னுதான் கேப்பாங்க.

வியட்நாம் போர்ல காணாமப்போன விமானிகளோட குடும்பங்கள 1970கள்ல ஆராய்ஞ்ச அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், இந்த மாதிரி இழப்புக்குத் தனிப்பேரே வச்சாங்க. தமிழ்ல "முடிவு தெரியாத இழப்பு"ன்னு வச்சுக்கலாம். இதை முடிச்சு வைக்கப் பாக்காதீங்கங்கிறதுதான் அவங்க வாதம். "வந்தாலும் வருவான், வராமலும் போகலாம்", ரெண்டையும் சேத்தே சுமக்கப் பழகணும். அதனால "கண்டிப்பா வருவான்"னும் சொல்லாதீங்க, "போயிட்டான்"னும் சொல்லாதீங்க. அவனுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்னு கேளுங்க, பேசுவாங்க. அவன் தட்டு இருந்துட்டுப் போகட்டும். அந்தம்மா தட்டு காலியாகுதான்னு பாருங்க.

மனநல செவிலியர்:
தட்டு வைக்கிறது மட்டும் நோய் ஆகாது. நீடித்த துக்கக் கோளாறுன்னு ஒண்ணு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்படி குறைஞ்சது 6 மாசம், அமெரிக்கப் பட்டியல்படி பெரியவங்களுக்கு 12 மாசம் ஏக்கம் கொறையாம இருந்து அன்றாட வேலையும் கெடணும். ரெண்டுலயுமே இறப்பு நடந்திருக்கணும், அதனால இவங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனா மனச்சோர்வு தனியா வந்திருக்கலாம். சேலை தொளதொளன்னு ஆகுற அளவுக்கு மெலிவு, விடிகாலை மூணு மணிக்கே முழிப்பு, "நானும் போய்ச் சேந்தா தேவல"ங்கிற பேச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. சாவைப் பத்திப் பேசினா அன்னைக்கே. வீட்டுல பூச்சிமருந்து இருந்தா முதல்ல வெளியேத்துங்க. 14416 அரசோட இலவச மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க. மெடிக்கல்ல நீங்களா தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. பழக்கமாகிரும், துக்கம் அப்படியேதான் இருக்கும்.

மேலூர் வக்கீல் குமாஸ்தா:
காணவில்லைன்னு எஃப்ஐஆர் போட்டாச்சா? இல்லன்னா இந்த வாரமே போடுங்க, நகல் வாங்கி வைங்க. 7 வருஷம் தகவலே இல்லன்னா இறந்ததா அனுமானிக்கச் சட்டம் இருக்கு (பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 111). அதுவும் தானா நடக்காது, கோர்ட்டுக்குப் போகணும். அப்ப இந்த எஃப்ஐஆர்தான் கை கொடுக்கும். ஆனா அந்தம்மாகிட்ட இப்ப இந்தப் பேச்சு எதுக்கு? குறி கேக்க யாராச்சும் ஊர் ஊராக் கூட்டிட்டுப் போனா அதையும் நிறுத்துங்க. "வடக்க இருக்கான்"னு ஒருத்தன் சொல்லுவான், அடுத்த மாசம் மறுபடி படுத்துருவாங்க.

உசிலம்பட்டிக்காரன்:
தாழ்ப்பாளுக்கு என்ன செய்ய? ராத்திரி தனியா இருக்காங்க, பயமா இருக்கு.

வைகைக்கரை:
மகன் இருந்தப்ப சாவி எங்க வச்சாங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்க. நிலைப்படி மேலயோ, மாடக்குழியிலயோ, உங்க வீட்டுலயோ இருக்கும். உள்ளயும் வெளியயும் சாவி போடுற பூட்டா மாத்தி, ஒரு சாவிய அதே எடத்துல வைக்கச் சொல்லுங்க. அவனுக்கு அந்த எடம் தெரியும்ல, கதவைப் பூட்டச் சம்மதிப்பாங்க.