டார்ஃபூர் பற்றி ஒரு துண்டறிக்கை: கொஞ்சம் கை கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சூடானின் மேற்கே உள்ள டார்ஃபூரில் நடக்கும் இனப் படுகொலைகள் பற்றி அடுத்த மாதம் ஒரு சின்னக் கூட்டம் போடுகிறோம். அதற்கான துண்டறிக்கையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எழுதியதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். "இது 2003-இல் நடந்ததாச்சே, இன்னுமா முடியவில்லை?" என்றார். நியாயமான கேள்வி. அன்று கிராமங்களை எரித்த ஜன்ஜாவீத் என்ற அரபு ஆயுதக் குழுக்களிலிருந்து உருவானதுதான் இன்றைய ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படை. 2023-இல் டார்ஃபூரின் எல் ஜெனீனா நகரில் மசாலித் என்ற அரபு அல்லாத இன மக்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றதும் அவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும்தான். தப்பியவர்கள் பக்கத்து நாடான சாடின் எல்லையில் உள்ள அத்ரே ஊருக்கு நடந்தே போனார்கள், வழியிலும் அவர்களைச் சுட்டார்கள். இதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி வருகிறது. யாராவது திருத்தித் தர முடியுமா?

அரபி தெரிந்தவர் ஒருவரும் வேண்டும். அகதிகளின் வாக்குமூலங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், படங்கள். பிணங்களைக் காட்டினால்தான் உறைக்கும் என்கிறார் ஒருவர். செத்தவர்களின் வீட்டார் பார்த்தால் என்ன ஆகும் என்பது என் கேள்வி. உங்கள் அனுபவம் என்ன?

பழைய துணி சேகரிக்கும் யோசனையைக் கைவிட்டோம். அனுப்பும் செலவே துணி விலையைத் தாண்டிவிடும். பணமாக அனுப்பலாம். சூடானில் தெருவுக்குத் தெரு சமையல்கூடம் நடத்தும் தன்னார்வலர் குழுக்களுக்கு யாராவது அனுப்பியிருந்தால் வழி சொல்லுங்கள். துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.