மறு: ‘வயிற்று வார்ப்பு’ வேண்டாம், ‘சூற்படி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> கர்ப்பிணியின் வயிற்றில் மாவுக்கட்டுத் துணி ஒட்டி எடுக்கும் உருவத்துக்கு ‘வயிற்று வார்ப்பு’ என்றே போடலாமே. வார்ப்பு எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால்தான் எனக்குத் தயக்கம். தோசை வார்க்கிறோம், வெண்கலம் வார்க்கிறோம். வார்ப்பது என்றாலே ஊற்றுவது. வயிற்றின் மேல் யாரும் எதையும் ஊற்றுவதில்லை, ஊற்றவும் கூடாது.

போன மாதம் என் தங்கைக்கு 35ஆவது வாரத்தில் வீட்டிலேயே இதைச் செய்தோம். அவளுடைய மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டோம். மருந்துக் கடையில் 15 செ.மீ. அகலமுள்ள பி.ஓ.பி. பேண்டேஜ் (பாரிஸ் சாந்து தடவிய மாவுக்கட்டுத் துணி) ஐந்து சுருள் வாங்கி, ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி அடுக்கினேன். வெட்டும்போது கையில் ஈரம் இருக்கக் கூடாது, பட்ட இடமெல்லாம் அப்போதே இறுகத் தொடங்கிவிடும். அவளைத் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்தாற்போல் உட்கார வைத்தோம். நிறைமாத வயிற்றோடு நெடுநேரம் மல்லாந்து படுத்தால் தலைசுற்றும். மார்பிலிருந்து அடிவயிறு வரை வாசலின் தடவி, ஒவ்வொரு துண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, இரண்டு விரலால் வழித்து, முந்தைய துண்டின் மேல் பாதி ஏறும்படி ஒட்டினேன். மூன்று அடுக்கு, விளிம்பில் மட்டும் நான்கு.

தடவத் தடவத் துணியின் கண்கள் அடைபட்டு வழுவழுப்பாகும். முதலில் சில்லென்று இருந்தது, சில நிமிடங்களில் இதமாகச் சூடேறியது. அப்போது உள்ளே பிள்ளை புரண்டது. இன்னும் இறுகாத பட்டை என் உள்ளங்கைக்குக் கீழே மேடேறி இறங்கியது. இருபது நிமிடம் கழித்து அவளை மூச்சை இழுத்து வயிற்றை லேசாக அசைக்கச் சொன்னோம், ஓடு தானாகக் கழன்று வந்தது. தொப்புளுக்குக் கீழே பூனைமுடியில் மட்டும் வாசலின் சரியாகப் படாமல் பிடித்து இழுத்துவிட்டது, அவளுக்கு நல்ல வலி. செய்யப் போகிறவர்கள் அந்த இடத்தில் தாராளமாகத் தடவுங்கள்.

இவ்வளவும் எழுதுவது, இதில் கை செய்யும் வேலை என்ன என்று பார்க்கத்தான். ஒட்டுகிறோம், தடவுகிறோம், கழற்றி எடுக்கிறோம். வார்ப்பது எங்கேயும் இல்லை.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. பாரிஸ் சாந்து தண்ணீரை ஏற்று மறுபடி ஜிப்சமாக மாறும்போது வெப்பத்தை விடுகிறது. மெல்லிய துணியில் அது இதமான சூடு. அதே சாந்தைக் கெட்டியாகக் குவித்தால் தோல் வெந்துபோகும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, கையின் உருவம் எடுப்பதற்காகச் சாந்துக் குழம்புக்குள் கைகளை வைத்திருந்து பெரும்பாலான விரல்களை இழந்தார். ‘வயிற்று வார்ப்பு’ என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு யாராவது மூட்டையில் சாந்து வாங்கிக் குழைத்தால்? பெயரே தப்பான வேலையைச் சொல்லித் தரக் கூடாது.

> ‘வயிற்று மாவுக்கட்டு’ என்றால் மருந்துக் கடைக்காரருக்கும் புரியும்.

அவருக்குப் புரியும்தான், ஆனால் அம்மாவிடம் தொலைபேசியில் அப்படிச் சொன்னபோது, “வயித்துக்கு எதுக்குடி மாவுக்கட்டு, விழுந்துட்டாளா?” என்று பதறிவிட்டார். அந்தச் சொல்லோடு எலும்பு முறிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருளுக்கு அந்தப் பெயர் இருக்கட்டும், உருவத்துக்கு வேண்டாம்.

> ‘கரு’ என்ற சொல்லை யாரும் கவனிக்கவில்லையா?

இந்த மடலை எழுதியவருக்கு என் நன்றி. சுவாமிமலையில் மெழுகு உருவின் மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் ஐம்பொன் ஊற்றுகிறார்கள். அப்படிப்பட்ட வார்ப்பு அச்சுக்கும் ‘கரு’ என்ற பொருள் பழைய அகராதிகளில் உண்டு. பிள்ளை உருவாவதும் கரு, சிலை உருவாகும் அச்சும் கரு! இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ‘வயிற்றுக்கரு’ என்று எழுதினால் படிப்பவர் பிள்ளையைத்தான் நினைப்பார். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது கல்வெட்டுத் துறை. கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் பதிய வைத்து, மை ஒற்றி, உலர்ந்தபின் உரித்தெடுப்பதை ‘மைப்படி எடுத்தல்’ என்கிறார்கள். ஈரமாக ஒட்டுவது, பதிய வைப்பது, உரிப்பது என்று நாம் செய்ததும் அதேதான். இன்னொன்றும் பாருங்கள். மைப்படியில் கல்லைத் தொடாத வெளிப்பக்கத்தில்தான் எழுத்து நேராக இருக்கும். இங்கேயும் தோலைத் தொட்ட உட்பக்கம் குழிவு, நாம் சுவரில் மாட்டிப் பார்ப்பது வெளிப்பக்கத்தை. இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் ‘வயிற்றுப்படி’ என்று குறித்து வைத்தேன். பயணப்படி, அகவிலைப்படி வரிசையில் சாப்பாட்டுக்குத் தரும் பணம் போல ஒலித்தது. அதனால் சூல் (கர்ப்பம்) + படி (நகல்), சூற்படி. சூலகம் பள்ளிப் பாடத்திலேயே வருகிறது, சூல்கொண்ட மேகம் என்று எழுதாதவர் இல்லை. வாக்கியத்திலும் இயல்பாக உட்காருகிறது: “எட்டாம் மாதம் சூற்படி எடுத்தோம்.” “சூற்படி நன்றாகக் காய இரண்டு நாளாகும், அதுவரை வண்ணம் பூசாதே.”

வார்ப்பு என்ற சொல்லுக்கும் இடம் இருக்கிறது. காய்ந்த ஓட்டினைக் குழிவு மேலே இருக்கும்படி மேசையில் வைத்து, உள்ளே எண்ணெய் பூசி, சாந்து ஊற்றி முழு வயிற்றுருவம் எடுப்பவர்கள் உண்டு. அது உண்மையிலேயே வார்த்தல், அதைச் ‘சூல்வார்ப்பு’ எனலாம். அது உடம்பின் மேல் நடப்பதில்லை.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், ‘சூல்’ கடினம் என்பவர்கள் மாற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் இப்படிச் சேர்த்துவிடுகிறேன்:

சூற்படி: வாசலின் தடவிய சூல்வயிற்றில் ஈர மாவுக்கட்டுப் பட்டைகளை மெல்லிய அடுக்குகளாக ஒட்டி, இறுகியபின் கழற்றியெடுக்கும் உருவம்.

‘மெல்லிய அடுக்குகளாக ஒட்டி’ என்பதை மட்டும் யாரும் சுருக்கிவிட வேண்டாம்.