ஜெர்மன் லோகோ ஓட்டியதில் மறக்க முடியாத அந்த ஒரு தடவை – உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தண்டவாளப்பித்தன்

மூன்று வாரமாக மண்டையைக் குடைகிறது, அதனால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில்தான்: 101 வகை லோகோ, பின்னால் ஒன்பது ஐசி (இன்டர்சிட்டி) பெட்டி, இரவு, மழை. பி.இசட்.பி. (தண்டவாளத்தோரக் காந்தங்கள் வழியாக வேகத்தைக் கண்காணித்து, மீறினால் பிரேக் போடுவது), சிஃபா (ஓட்டுநர் விழிப்போடு இருக்கிறாரா என்று பார்ப்பது) இரண்டையும் போட்டுத்தான் ஓட்டினேன். டிஸ்டன்ட் சிக்னல் (அடுத்த சிக்னலை முன்கூட்டியே சொல்வது) மஞ்சள். 1000 ஹெர்ட்ஸ் காந்தத்தைத் தாண்டியதும் நான்கு நொடிக்குள், கவனித்தேன் என்று சொல்லும் பட்டனை அழுத்திவிட்டேன். 23 நொடிக்குள் வேகத்தை 85 கிலோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தேன். ஸ்டார்ட்டர் (ஸ்டேஷனை விட்டுப் புறப்படுவதற்கான சிக்னல்) சிவப்பு. அதற்கு முன்னால் இருக்கும் 500 ஹெர்ட்ஸ் காந்தத்தை 40-இல் தாண்டி, பிளாட்பாரத்தில் அளவாக நிறுத்தினேன். கதவு திறந்து மூடியது. பச்சை விழுந்தது.

கைப்பிடியைத் தள்ளினேன். 6400 கிலோவாட் எஞ்சினுக்கு ஒன்பது பெட்டி ஒரு பொருட்டே இல்லை. முள் 20, 25 என்று ஏறி அதைத் தாண்டியதும் பிரேக் பைப் மொத்தமும் காலி. எதிரே பச்சை எரிகிறது, பாதி ரயில் இன்னும் பிளாட்பாரத்தில், நான் எமர்ஜென்சியில் நிற்கிறேன். அப்போதுதான் டெஸ்க்கைப் பார்த்தேன். 70, 85 என்ற இரண்டு நீல விளக்குகளும் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. வண்டி நின்றதிலிருந்தே எரிந்திருக்கின்றன. நான் சிக்னலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சை கொடுத்த பிறகும் 25-க்கு மேல் போகாதே என்றால் என்ன நியாயம்? விதி தெரியும், படித்திருக்கிறேன். மனசு ஒப்பவில்லை.

ஹாம்வாசி

அண்ணை, இது எனக்கு நேரிலேயே நடந்தது, பயணியாக. ஹாமில் இருந்து டோர்ட்முண்ட் பக்கம் தினமும் வேலைக்குப் போகிறவன் நான். ஒருநாள் காலை, இடையில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. வெளிக்கிடும்போது ஊர்ந்தது என்றால் அப்படி ஒரு ஊர்தல். பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெடியன் பிளாட்பாரத்தில் ஓடி வந்தான். வண்டியைத் தவறவிட்டவன், ஆனால் எங்கள் ஜன்னலுக்குச் சமமாகவே ஓடி வந்தான், அவனுடைய மூச்சுப் புகை கண்ணாடியில் படுகிற தூரம். எஞ்சினில் ஏதோ பழுது என்று பக்கத்தில் இருந்தவர்கள் கதைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து சிமுலேட்டரில் அதே 25-இல் ஊர்ந்தபோதுதான் விளங்கியது. பி.இசட்.பி.க்கு சிக்னல் தெரியாது. அதற்குக் காந்தம் மட்டும்தான் தெரியும். நீங்கள் 500 காந்தத்தைத் தாண்டும்போது சிவப்பு. அதற்குப் பிறகு பச்சை விழுந்ததை அதற்குச் சொல்ல வழியில்லை. 15 நொடிக்கு மேல் நின்றுவிட்டால் கட்டுப்பாடு இன்னும் இறுகும், அந்தக் காந்தத்தில் இருந்து 250 மீட்டர் போகும்வரை 25-தான்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்றும் தேடிப் பார்த்தேன். 1990 பிப்ரவரி 2, ரூசல்ஸ்ஹைம். எஸ்-பான் (புறநகர் ரயில்) ஒன்று ஸ்டேஷனில் நின்றுவிட்டு, சிவப்பு சிக்னலைக் கவனிக்காமல் வேகமெடுத்துப் புறப்பட்டது. சிக்னலடிக் காந்தம் பிரேக்கைப் பிடித்தது, ஆனால் வேகம் கூடிவிட்டதால் எதிரே வந்த வண்டிக்கு முன்னால் நிற்க இடம் போதவில்லை. 17 பேர் இறந்தார்கள். நின்று புறப்படுகிற வண்டியையும் பிடித்து வைக்க வேண்டும் என்று பி.இசட்.பி. 90 என்ற புதிய பதிப்பில் இதைச் சேர்த்தார்கள். உங்களை எமர்ஜென்சியில் நிறுத்தியது அதுதான்.

பழைய ரன்னிங் ஸ்டாஃப்

நான் முப்பது வருஷத்துக்கு மேல் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இதில் பெரும்பகுதி கூட்ஸ். மகன் வீட்டுக்குப் போனபோது கம்ப்யூட்டரில் உட்கார வைத்தான்: 185 லோகோ, நீண்ட சரக்கு வண்டி, கைஸ்லிங்கன் இறக்கம், 1000-க்கு 22.5 சரிவு. பிரேக் பிடிக்க பைப் பிரஷரை 5 பாரிலிருந்து 4.5-க்கு இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. வேகம் ஏறிக்கொண்டே போகிறது. என்னையறியாமல் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தேன், வேலையில் இருந்தபோது எண்ணின மாதிரி. இருபதைத் தாண்டியதும் பின்னாலிருந்து இழுத்தது. முதுகில் தெரிந்தது என்றே சொல்வேன், நாற்காலி அசையவில்லை என்றாலும். கையெல்லாம் வேர்த்துவிட்டது.

தம்பி பித்தன், உங்கள் கேள்விக்கு ஹாம்வாசி பதில் சொல்லிவிட்டார். ஆனால் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. நீங்கள் விளக்கைப் பார்த்து ஓட்டுகிறீர்கள், வண்டியைப் பார்த்து ஓட்டவில்லை. கிளம்புமுன் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ‘ஜி’ (சரக்கு வண்டி நிலை) என்றால் பிரேக் சிலிண்டர் நிறைய 18 முதல் 30 நொடி, ‘பி’ (பயணி வண்டி நிலை) என்றால் 3 முதல் 5 நொடி. நீளமான சரக்கு வண்டியில் முன்பெட்டி பிடித்து, பின்பெட்டி பிடிக்காமல் வந்து மோதக்கூடாது என்றுதான் ‘ஜி’யை அவ்வளவு மெதுவாக வைத்திருக்கிறார்கள். நம்மூரில் பிரேக் பவர் சர்டிபிகேட் (பிரேக் சரி என்ற சான்று) வாங்காமல் வண்டி எடுக்க மாட்டோம். அங்கே அதுபோல ப்ரெம்ஸ்செட்டல் என்று ஒரு தாள், அதில் பிரேக் சதவீதம் (வண்டி எடைக்கு எவ்வளவு பிரேக் பலம் என்பது) இருக்கும். அதைப் பார்த்துத்தான் பி.இசட்.பி.யில் வண்டி வகையைத் திருப்ப வேண்டும். 110-க்கு மேல் ‘ஓ’, 66 முதல் 110 வரை ‘எம்’, அதற்கும் கீழே ‘யு’. ‘ஓ’வுக்கு 23 நொடியில் 85, ‘எம்’முக்கு 29 நொடியில் 70, ‘யு’வுக்கு 38 நொடியில் 55. கனமான வண்டிக்குக் கூடுதல் நொடி கொடுத்து, வேகத்தைக் குறைத்து வைத்திருப்பது ஏன் என்று இப்போது புரியும். இன்னொன்று, மஞ்சளுக்கு அப்புறம் 700 மீட்டர் போனதும் ஃப்ரை பட்டனை அழுத்தி விடுவித்துக்கொள்ளலாம் என்பதற்காக அவசரப்படாதீர்கள். அழுத்திய பிறகு 500 காந்தம் உயிரோடு வந்தால் அதே நொடியில் பிடித்துவிடும். பச்சையைக் கண்ணால் பார்த்த பிறகு அழுத்துங்கள். மற்றபடி சிஃபா எல்லாம் இந்த விளையாட்டுகளில் பீப் அடித்தால் ஒரு பட்டன் தட்டுவது, அவ்வளவுதான். அதை ரியலிசம் என்று சொல்லாதீர்கள்.

தண்டவாளப்பித்தன்

சார், உங்கள் அனுபவத்துக்குத் தலை வணங்குகிறேன், கைஸ்லிங்கனைப் படித்து எனக்கும் வேர்த்தது. ஆனால் சிஃபா விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பீப் வந்த பிறகு தட்டுவது ஓட்டுகிறவர் பழக்கம், சிஃபாவின் குற்றமில்லை. பெடலை மிதித்தபடியே இருக்க வேண்டும், 30 நொடி ஆவதற்குள் ஒருமுறை காலைத் தூக்கி மறுபடி மிதிக்க வேண்டும். மறந்தால் முதலில் விளக்கு, இரண்டரை நொடியில் சத்தம், இன்னும் இரண்டரை நொடியில் பிரேக். கார் ரேஸ் பெடல் ஒன்றை இதற்கு மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஓட்டினால் கெண்டைக்கால் கடுக்கிறது. ஸூசி என்ற சிமுலேட்டரில் உட்கார்ந்து பாருங்கள் சார், பயிற்சிக்கே அதன் தொழில்முறைப் பதிப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் பீப்தான் என்று சொல்வீர்களா?

ஹாம்வாசி, ரூசல்ஸ்ஹைம் பற்றி எனக்குத் தெரியாது. நன்றி.

ஆரோகணம்

காந்தம், நொடி எல்லாம் இருக்கட்டும். எனக்கு ஜெர்மன் லோகோ என்றால் சத்தம்.

வேலை விஷயமாக மியூனிக் போயிருந்தேன். பிளாட்பாரத்தில் நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருக்கிறேன், பக்கத்து லைனில் டாரஸ் என்ற மின்சார எஞ்சின் ஒன்று புறப்படுகிறது. நாதஸ்வரம் எடுத்துச் சீவாளி பார்ப்பது போல ஸ்வரம் ஸ்வரமாக ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், ரொட்டியை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ஜி.டி.ஓ. தைரிஸ்டர்கள் (மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் சுவிட்சுகள்) துடிக்கும் வேகத்தைப் படிப்படியாக மாற்றுவதால் வரும் சத்தம் அது. ஒவ்வொரு படியும் தனி ஸ்வரம், நடுவில் இழைவே கிடையாது. ஜெர்மனியில் இதே வகைக்கு 182 என்று எண், மொத்தம் 25 எஞ்சின் வாங்கினார்கள்.

ஊருக்கு வந்ததும் டாரஸை சிமுலேட்டரில் ஓட்டக் காசு கொடுத்து ஒரு பேக் வாங்கினேன் (எது என்று சொல்லவில்லை). கிளம்பினால் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறுகிறது! ஆரோகணம் எங்கே? பூட்ஸை அவிழ்க்காமல் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திக் கிளப்பினேன். மூன்று தடவையும் சைரன். கேப்பில் ஒவ்வொரு சுவிட்சையும் திருப்ப முடிகிறது, விளக்கு எல்லாம் சரி, ஆனால் அந்த எஞ்சினின் குரல் இல்லை. குரல் இல்லாத டாரஸை நான் எதற்கு ஓட்ட வேண்டும்?

முந்நூறு

நான் புதிது, பி.இசட்.பி. இன்னும் பிடிபடவில்லை. கொலோன்–ஃபிராங்க்ஃபர்ட் அதிவேக லைன், ஐசிஇ 3, 300 கிலோமீட்டர். ஏ3 நெடுஞ்சாலை கூடவே வருகிறது, கார்கள் எல்லாம் பின்னோக்கி ஓடுவது போல இருந்தது. சிக்னலைத் தேடித் தேடிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, நான் பார்க்க வேண்டியது வெளியே இல்லை. எல்.இசட்.பி.யில் (வண்டியைத் தொடர்ந்து கண்காணித்து கேப்பிலேயே வேகம் காட்டும் அமைப்பு) இப்போது போகக்கூடிய வேகம், அடுத்து இறங்க வேண்டிய வேகம், அதற்கு எவ்வளவு தூரம், இந்த மூன்றுதான். தூரம் குறையத் தொடங்கியபோது கண்ணுக்கு எட்டியவரை வெறும் தண்டவாளம். கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும் ஒன்றுக்காக இப்போதே பிரேக் போடுகிறேன். அந்த நிமிடம் வயிற்றைப் பிசைந்தது. 40-க்கு 1000 சரிவு வேறு. மன்னிக்கவும், 1000-க்கு 40.

பழைய ரன்னிங் ஸ்டாஃப்

தம்பி பித்தன், பெடல் வைத்திருக்கிறீர்கள் என்றால் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ‘முந்நூறு’க்கு ஒன்று. வயிற்றைப் பிசைந்தால் நல்லது. 160-க்கு மேல் போகும் வண்டியைப் பார்வையை நம்பி நிறுத்த முடியாது என்பதால்தான் அங்கே எல்.இசட்.பி. போன்ற தொடர் கண்காணிப்பு இல்லாமல் அதற்கு மேல் விடுவதில்லை.

ஹாம்வாசி

இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு இன்று காலை கொஞ்சம் முன்னமே போய், பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் நடந்தேன். வலது தண்டவாளத்தின் வெளிப்பக்கம், சல்லிக்கு மேலே, பாதி தூசி படிந்த ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் மண்ணுக்குள் போகிறது. 11 வருஷமாக இதைக் கடந்துதான் போய் வருகிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அங்கேயே நின்றேன். என் வண்டி வந்து, அதற்கு மேலே 40 அளவில் ஊர்ந்து வந்து நின்றது.