'கிராமமும் நகரமும்' பாடம்: ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எப்படி நடத்துகிறீர்கள்?

கரும்பலகை
மாட்டு வண்டி, கிணறு ஒரு பக்கம், கார், மாடிவீடு இன்னொரு பக்கம் என்று பட அட்டைகளைப் பிரிக்கச் சொன்னால் பாடம் அங்கேயே சறுக்கும். திருவல்லிக்கேணிப் பிள்ளை தெருவிலேயே மாடு பார்க்கிறது. கிராமத்து வீட்டு வாசலில் பைக் நிற்கிறது. தரையில் சாக்பீஸால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டம் போடுங்கள். நடுப்பகுதி 'ரெண்டு இடத்துலயும் உண்டு'. பத்துப் பன்னிரண்டு அட்டை போதும். வைத்த பிள்ளையிடம் "ஏன் அங்க வெச்சே?" என்று கேளுங்கள். சண்டை வந்தால் வரட்டும், பாடமே அதுதான்.

நாற்றங்கால்
டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். ஒரு கைப்பிடி விதைநெல், ஒரு கைப்பிடி ரேஷன் அரிசி. தனித்தனிக் கிண்ணத்தில் 24 மணி நேரம் ஊறட்டும். மிதக்கும் பதரை எடுத்து, நீரை வடித்து, ஈரச் சாக்கில் சுற்றி இன்னும் ஒரு நாள் வையுங்கள். நெல்லில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அரிசி புளித்து நாறும். ஆலையில் உமி, தவிடோடு முளைக்கருவும் போய்விடுகிறது. புழுங்கல் என்றால் நெல்லாக இருக்கும்போதே அவித்தும் விடுகிறார்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் வேடிக்கை போச்சு.

சாக்கைப் பிழிந்து போடாவிட்டால் நெல்லும் அழுகும். அறுத்த சூட்டோடு கொண்டுவந்த நெல் சில ரகங்களில் முளைக்காது, அதற்கு உறக்க காலம் உண்டு. கடையில் வாங்கும் விதைநெல்லில் பூஞ்சாண மருந்து கலந்திருக்கலாம். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. தெரிந்த விவசாயியிடம் மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

முளைத்ததை மண் தட்டில் தூவியபின் வயல், ஆலை, லாரி, ரேஷன் கடை, சோற்றுத்தட்டு என ஐந்து படங்களை வரிசைப்படுத்தச் சொல்லலாம். பெரும்பாலும் ஆலைப் படம்தான் இடம் மாறிப் போகும்; பிள்ளைகள் பார்த்தே இராத இடம் அது.

ஏரிக்கரை
கிராமத்திலிருந்து நகரத்துக்கு என்ன வருகிறது என்று காட்ட, சென்னைப் பள்ளி என்றால் தண்ணீரை உதாரணமாக எடுங்கள் சார். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் 200 கி.மீ.க்கு மேல் குழாயில் சென்னைக்கு வருகிறது. கி.மீ. சொன்னால் ஆறு வயதுக்குப் புரியாது. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் தூரம் என்றால் புரியும்.

கிராமத்துப் பள்ளியில் இதையே திருப்பிப் போட்டு, வெளியிலிருந்து கிராமத்துக்கு என்ன வருகிறது என்று கேளுங்கள். மாத்திரை, நோட்டு, சோப்பு, தூத்துக்குடி ஆலையிலிருந்து வரும் உர மூட்டை.